பிரேக்கர் திறக்காவிட்டால்: எந்த எல்பிபி ஏற்பாடு எங்கே பொருந்தும்?

மின்கோளாறை, அதாவது ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கும் ரிலே, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு ட்ரிப் ('திற') கட்டளை கொடுத்துவிட்டது. பிரேக்கர் திறக்கவில்லை. அதைத் திறக்க வைக்கும் ட்ரிப் காயில் கருகியிருக்கலாம். ஆர்க்கை அணைக்கும் எஸ்எஃப்6 வாயுவின் அழுத்தம் குறைந்து, பிரேக்கர் இயங்காமல் பூட்டிக்கொண்டு லாக்அவுட் ஆகியிருக்கலாம். மெக்கானிசத்தில் ஒரு பின் ஒடிந்திருக்கலாம், டிசி ஃப்யூஸ் போயிருக்கலாம். எல்லாம் ஒழுங்காக நகர்ந்தும் உள்ளே ஆர்க் அணையாமல் எரிந்துகொண்டும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் ஃபால்ட் மின்னோட்டம் நிற்காது. சுற்றியுள்ள பிரேக்கர்களைத் திறந்து அதை நிறுத்துவது இனி வேறொரு பாதுகாப்பின் வேலை.

நம் ஊர் சப்ஸ்டேஷன்களில் அந்தப் பாதுகாப்புக்கு எல்பிபி என்று பெயர், லோக்கல் பிரேக்கர் பேக்கப். வெளிநாட்டு ரிலே கையேடுகளில் பிரேக்கர் ஃபெயிலியர் என்றோ 50பிஎஃப் என்றோ இருக்கும். புதிய நிலையத்துக்குப் படம் போடும்போதும் பழைய பேனல்களை மாற்றும்போதும் இதைப் பற்றி மூன்று முடிவு எடுத்தாக வேண்டும். எல்பிபி வேண்டுமா, தொலைமுனை ரிலேயே போதுமா? பிரேக்கர் திறக்கவில்லை என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? அந்த வேலையை எந்த ரிலேயிடம் கொடுப்பது? முதல் கேள்வி சீக்கிரம் தீர்ந்துவிடும், வாக்குவாதமெல்லாம் மற்ற இரண்டில்தான். ஆனால் பதிவாகியுள்ள பெரிய மின்தடைகளைப் பார்த்தால், கூட்டத்தில் யாரும் அதிகம் பேசாத நான்காவது இடத்தில் திட்டம் கவிழ்ந்திருக்கிறது: ட்ரிப் கொடுக்கப்பட்ட சேதி எல்பிபிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொலைமுனையே பார்த்துக்கொள்ளுமா?

எல்பிபி இல்லாத நிலையங்களில் மறுமுனை டிஸ்டன்ஸ் ரிலேயின் (ஃபால்ட் எவ்வளவு தூரம் என்று கணக்கிடும் ரிலே) இரண்டாம், மூன்றாம் ஜோன்கள்தான், அதாவது தாமதமாக இயங்கும் தொலைவான எல்லைகள்தான் இதைச் செய்தாக வேண்டும். பக்கத்து நிலையத்தில் பிரேக்கர் திறக்கவில்லையா, அங்கே வந்து சேரும் லைன்கள் எல்லாம் மறுமுனையில் ட்ரிப் ஆகட்டும் என்பது கணக்கு. கூடுதல் செலவு இல்லை. ஆனால் நிலையம் முழுவதும் இருண்டுவிடும். ஒரு பஸ்ஸை (பல லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்தி) பிரித்துவிட்டு இன்னொன்றைக் காப்பாற்ற வழியில்லை.

இன்னொரு குறை கொஞ்சம் நுட்பமானது. அந்த நிலையத்துக்கு நான்கு லைன்கள் மின்னோட்டத்தைக் கொண்டுவருகின்றன, ஐந்தாவது லைனில் ஃபால்ட் என்று வையுங்கள். ஐந்தாவது லைனில் ஓடுவது நான்கு பேரும் சேர்ந்து அனுப்பும் மின்னோட்டம். அங்கே ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியும் அதற்கேற்பப் பெரியது. ஆனால் ஒவ்வொரு தொலைமுனை ரிலேயும் தன் லைனில் ஓடும் பங்கை மட்டும் வைத்து இம்பிடன்ஸை, அதாவது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த அளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து தூரத்தைச் சொல்கிறது. விடை உண்மையான தூரத்தைவிட மிக அதிகமாக வரும், ஃபால்ட் மூன்றாம் ஜோனுக்கும் அப்பால் இருப்பதுபோலத் தெரியும். யாராவது ஒருவர் ட்ரிப் ஆன பிறகுதான் அடுத்தவருக்கு ஃபால்ட் கண்ணில் படும், அப்புறம் அதற்கடுத்தவருக்கு. இப்படி ஒவ்வொன்றாக விழுவதற்குள் செகண்டுகள் ஓடிவிடும்.

தொலைமுனையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரி 26 நல்ல சான்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமி பகுதியிலுள்ள ஃபிளகாமி சப்ஸ்டேஷனில் கோளாறான 138 கே.வி. ஸ்விட்ச் ஒன்றைப் பொறியாளர் ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்காக முதன்மைப் பாதுகாப்பு, பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்பு இரண்டும் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் ஃபால்ட் வந்தது. தொலைமுனைகள் அதைத் துண்டிக்க 1.7 செகண்ட் ஆனது. அதற்குள் மின்னழுத்தம் விழுந்து, 22 லைன்களும் ஏறத்தாழ 4,300 மெகாவாட் உற்பத்தியும் போயின, டர்க்கி பாயிண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் சேர்த்து. எல்பிபி வேலையில் இருந்திருந்தால் 0.3 செகண்டுக்குள் முடிந்திருக்கக்கூடிய விஷயம்.

ஆகவே 400 கே.வி., 230 கே.வி. என்றால் எல்பிபி வேண்டுமா என்று கேட்பதே வீண். ஒரே ஒரு மூலத்திலிருந்து மின்சாரம் வாங்கும் 110 கே.வி. ரேடியல் நிலையத்தில், அனுப்பும் முனையின் ஓவர்கரண்ட் ரிலே உள்ளூர் ஃபால்ட்டை நன்றாகப் பார்க்கும் என்றால், தொலைமுனைக்கே விட்டுவிடலாம். எப்படியும் அந்த நிலையம் இருளத்தான் போகிறது.

மின்னோட்டமா, கான்டாக்ட்டா?

பிரேக்கர் திறந்ததா என்று சொல்ல எல்பிபிக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று சிடி, அதாவது லைன் மின்னோட்டத்தை அளவு குறைத்து ரிலேக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்: மின்னோட்டம் இன்னும் ஓடுகிறதா என்று சொல்லும். மற்றது பிரேக்கரின் துணைக் கான்டாக்ட், அதாவது 52ஏ: மெக்கானிசம் நகர்ந்ததா என்று சொல்லும்.

நான் எப்போதும் மின்னோட்டத்தின் பக்கம். பிரேக்கரிடம் நாம் கேட்ட வேலை மின்னோட்டத்தை நிறுத்துவது, அதைச் செய்ததா என்பதை நேரடியாகச் சொல்வது சிடி மட்டுமே. துணைக் கான்டாக்ட் மெக்கானிசம் பெட்டிக்குள், ஒரு இணைப்புத் தண்டின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் முனைகளோ போர்சலினுக்குள், பல மீட்டர் உயரத்தில். நடுவிலுள்ள இன்சுலேட்டர் தண்டு ஒடிந்தால் கான்டாக்ட் 'திறந்தது' என்று சொல்லும், மேலே ஃபால்ட் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்க் அணையாத பிரேக்கரிலும் கதை இதேதான். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. லிங்கேஜ் தளர்ந்தோ கான்டாக்ட் ஒட்டிக்கொண்டோ இருந்தால் திறந்த பிரேக்கரை மூடியதாகக் காட்டும். எல்பிபி அதை நம்பினால் ஒரு பஸ்ஸே தேவையில்லாமல் போய்விடும்.

அப்படியென்றால் கான்டாக்ட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது. மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது சிடிக்குக் கண் தெரியாது. இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் எல்பிபியின் மின்னோட்ட அமைப்பு வழக்கமாக 200 மில்லிஆம்பியர். சிடி விகிதம் 2000/1 என்றால் அது லைனில் 400 ஆம்பியர். ஒரு 400 கே.வி. ட்வின் மூஸ் லைன் (ஃபேஸுக்கு மூஸ் வகைக் கம்பி இரண்டு), நீளம் 200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.55 எம்விஏஆர் (ரியாக்டிவ் திறனின் அலகு) என்று வைத்தால் லைன் தானாகவே 110 எம்விஏஆர் உற்பத்தி செய்யும், அதாவது சுமார் 159 ஆம்பியர் சார்ஜிங் மின்னோட்டம். இப்போது ஓவர்வோல்டேஜில் ட்ரிப் வருகிறது. மறுமுனை திறந்துவிட்டது, இந்த முனை பிரேக்கர் திறக்கவில்லை. சிடி வழியாகப் போவது 159 ஆம்பியர், ரிலேக்குத் தெரிவது 79 மில்லிஆம்பியர். லைனில் இந்தச் சார்ஜிங்கை ஈடுகட்டும் ரியாக்டர் இருந்தால் அதைவிடவும் குறைவு. எல்பிபி பேசாமல் இருக்கும்.

ஜெனரேட்டர் விஷயம் இன்னும் மோசம். டர்பைனுக்கு நீராவி நின்று, ரிவர்ஸ் பவர் ரிலே ட்ரிப் கொடுக்கிறது. பிரேக்கர் திறக்காவிட்டால் ஜெனரேட்டர் கிரிட்டிலிருந்து மின்சாரம் வாங்கி மோட்டாராகச் சுற்றும். நீராவி டர்பைன் அப்படிச் சுற்ற அதன் திறனில் ஒருசில சதவீதம் போதும். 500 மெகாவாட் யூனிட்டில் அது 10 மெகாவாட் என்றால், 400 கே.வி. பக்கம் 15 ஆம்பியரைக்கூட எட்டாது. ரியாக்டிவ் பங்கு சேர்ந்து கொஞ்சம் கூடலாம், ஆனால் அதை நம்பி அமைப்பு வைக்க முடியாது. இதற்காகத்தான் ஜெனரேட்டர் பேக்களில் (பே என்பது ஒரு லைனுக்கோ ஜெனரேட்டருக்கோ உரிய பிரேக்கரும் கருவிகளும் உள்ள பகுதி) மின்னோட்ட அமைப்பை 50 மில்லிஆம்பியர் வரை இறக்கியும், அதற்குமேல் துணைக் கான்டாக்ட்டையும் சேர்த்துக்கொள்வதும் வழக்கம். டிரான்ஸ்ஃபார்மரின் பக்கோல்ஸ் ட்ரிப்பும் இந்த வகைதான். எண்ணெய்க்குள் வாயு சேர்ந்து மிதவை கீழே இறங்கும்போது, லோடு குறைவாக இருந்தால் சிடியில் பெரிதாக எதுவும் தெரியாது.

எனவே என் தேர்வு இது. லைன் ஃபால்ட், பஸ் ஃபால்ட், டிஃபரென்ஷியல் போன்ற ட்ரிப்களுக்கு மின்னோட்டம் மட்டும். ஓவர்வோல்டேஜ், பக்கோல்ஸ், ரிவர்ஸ் பவர், ஓவர்ஃபிளக்ஸ் போன்றவை ரிலேயின் தனி பைனரி இன்புட்டில் (ஆம்/இல்லை சேதி வரும் முனை) வரட்டும், அந்த இன்புட் வந்தால் மட்டும் 'மின்னோட்டம் அல்லது கான்டாக்ட்' என்று லாஜிக் மாறட்டும். சில நிலையங்களில் எல்லா ட்ரிப்பும் ஒரே இன்புட்டில் சேர்ந்து, 'அல்லது' லாஜிக் நிரந்தரமாக இயங்கிக்கொண்டிருக்கிறது. வயரிங் மிச்சம்தான். ஆனால் ஒரு லைன் பிரேக்கரின் துணைக் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால், சாதாரண லைன் ஃபால்ட் ஒன்றில் ஒரு பஸ்ஸே போய்விடும். அந்த மிச்சத்துக்கு இது ரொம்ப அதிக விலை. 'மின்னோட்டமும் கான்டாக்ட்டும்' என்று இரண்டையும் கட்டாயமாக்குவது அதைவிட மோசம்: தண்டு ஒடிந்தால் எல்பிபியே செயல்படாது.

மின்னோட்டம் நேர்மையான சாட்சிதான், ஆனால் கொஞ்சம் தாமதமாக வாயை மூடும். பிரேக்கர் திறந்தபின் பதிவாகும் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். சைன் அலை பூஜ்யத்தைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். பல நேரம் அப்படி நிற்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்த வளைகோடு ஒன்று பூஜ்யத்தை வெட்டாமலே மெல்ல மெல்ல இறங்கும். லைனில் மின்னோட்டம் இல்லை. சிடியின் இரும்புக் கோரில் தேங்கிய காந்த ஆற்றல், செகண்டரி வயரிங் வழியாக வடிந்துகொண்டிருக்கிறது. கோரில் இடைவெளி விட்ட டிபிஒய் வகை சிடியில் இது நீண்ட நேரம் நீடிக்கும். அதனால்தான் எல்பிபிக்கு அந்தக் கோரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் இடைவெளி இல்லாத பிஎஸ் வகை கோர்கள் என்பதால் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சாதாரண முழுச்சுற்று ஃபோரியர் வடிகட்டிக்கு 20 மில்லிசெகண்ட் ஜன்னல் காலியாக வேண்டும், இந்த வால் சேர்ந்தால் ரீசெட், அதாவது மின்னோட்டம் நின்றது என்று ரிலே ஒத்துக்கொள்வது, இன்னும் தள்ளிப்போகும். இப்போதைய நல்ல ரிலேக்கள் அலை பூஜ்யத்தை வெட்டுகிறதா என்று தனியாகப் பார்த்து, ஒரு சுற்றுக்குள் ரீசெட் ஆகிவிடுகின்றன. ரிலே வாங்கும்போது பிக்கப் நேரத்தைக் கேட்பவர்கள் அதிகம். எல்பிபிக்குக் கேட்க வேண்டியது ரீசெட் நேரம், அதுவும் சிடி வாலோடு சேர்த்துச் சோதித்த ரீசெட் நேரம்.

ஒரு சேதியைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 400 கே.வி. பிரேக்கரில் மூன்று போல்களுக்கும் (ஃபேஸுக்கு ஒரு துண்டிப்பு அலகு) தனித்தனி மெக்கானிசம் என்பதால், பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரு போல்தான். எல்பிபி மூன்று ஃபேஸ்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: மூன்று ஃபேஸ் ஃபால்ட்டில் இரண்டு போல் திறந்துவிட்டால், மிச்சமிருப்பது ஒற்றை ஃபேஸ் ஃபால்ட், கிரிட்டின் நிலைத்தன்மைக்கு அது எவ்வளவோ தேவலாம்.

200 மில்லிசெகண்டா, குறைக்கலாமா?

தொடக்கச் சேதி வந்தபின் எல்பிபி காத்திருக்கும் டைமர் நேரம் நம் நாட்டில் வழக்கமாக 200 மில்லிசெகண்ட். கணக்குப்படி பார்த்தால் 200 அதிகம். 400 கே.வி. பிரேக்கர் 2 சுற்றில், அதாவது 40 மில்லிசெகண்டில் துண்டிக்கும். மின்னோட்ட ரிலே ரீசெட் ஆக 25. பாதுகாப்பு இடைவெளி 60. மொத்தம் 125. அப்புறம் ஏன் 200? பழைய ரிலேக்கள், நடுவில் இருக்கும் துணை ரிலேக்கள், வயதான பிரேக்கர்கள், சிடியின் வால். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்துவிட்டார்கள், நாடு முழுவதும் அது நிலைத்துவிட்டது. அந்த எண்ணோடு மற்ற அமைப்புகளும் கோக்கப்பட்டிருக்கின்றன. மறுமுனை டிஸ்டன்ஸ் ரிலேயின் இரண்டாம் ஜோன் 350 மில்லிசெகண்ட் என்பது இப்படி வந்தது: எல்பிபி 200, பிரேக்கர் 60, ரீசெட் 30, இடைவெளி 60.

ஆகவே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று ஒருவர் எல்பிபியை 250 ஆக்கினால், அந்த 60 மில்லிசெகண்ட் இடைவெளியில் 50 கரைந்துவிடும். தொலைமுனை இரண்டாம் ஜோனும் உள்ளூர் எல்பிபியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ட்ரிப் ஆகும், எது முந்துகிறது என்பது அதிர்ஷ்டம். கூட்டுவதாக இருந்தால் சுற்றிலுமுள்ள நிலையங்களோடு பேசிவிட்டுக் கூட்ட வேண்டும். குறைப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. பெரிய மின்நிலையத்தின் ஸ்விட்ச்யார்டில், ஃபால்ட்டைத் துண்டிக்க நீளும் ஒவ்வொரு சுற்றும் ஜெனரேட்டர்களைத் தாளத்திலிருந்து விலக்கிவிடும் என்பதால், நியூமெரிக்கல் ரிலேயும் (மென்பொருளில் இயங்கும் புதிய வகை) 2 சுற்று பிரேக்கரும் இருந்தால் 150 வரை இறங்குவது நியாயம். ஒற்றை ஃபேஸ் ஃபால்ட்டுக்கு 200, மூன்று ஃபேஸ் ஃபால்ட்டுக்கு 150 என்று இரண்டு டைமர் வைப்பதும் உண்டு. ஆபத்து அதிகமான இடத்தில் மட்டும் அவசரம் காட்டுகிற ஏற்பாடு.

ரீட்ரிப் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. எல்பிபி தொடங்கிய உடனே, தாமதமில்லாமல், இரண்டாவது ட்ரிப் காயிலுக்கு ஒரு கட்டளை போய்விட வேண்டும். முதல் காயில் கெட்டிருந்தால் அங்கேயே வேலை முடிந்துவிடும். சோதனையின்போது யாரோ தவறாக எல்பிபியைத் தொடக்கிவிட்டாலும் அந்த ஒரு பிரேக்கர் திறந்து மின்னோட்டம் நின்றுவிடும், பஸ் தப்பிக்கும். ஒரு லைன் போவதோடு முடிகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: ஒற்றை போல் ஆட்டோ ரீக்ளோஸ் (ஃபால்ட் வந்த போலை மட்டும் திறந்து தானாக மீண்டும் மூடுவது) உள்ள லைன்களில் ரீட்ரிப்பும் ஃபேஸ் ஃபேஸாகப் போக வேண்டும். மூன்று போலுக்கும் சேர்த்துப் போட்டால் ஒவ்வொரு ஒற்றை ஃபேஸ் ஃபால்ட்டிலும் லைன் முழுதாக விழும், ஆட்டோ ரீக்ளோஸ் ஏன் வேலை செய்யவில்லை என்று நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

எந்த ரிலேக்குள் வைப்பது?

தனி எல்பிபி ரிலே, பே ரிலேக்குள் ஒரு செயல்பாடு, பஸ்பார் பாதுகாப்புக்குள் ஒரு செயல்பாடு. இன்றைக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகள் இவை.

பழைய பேனல்களில் பேக்கு ஒன்று என்று தனி எல்பிபி ரிலே இருக்கும். புரிந்துகொள்ள எளிது, சோதிக்க எளிது. ஆனால் இரட்டை பஸ் நிலையத்தில் எந்த பஸ்ஸை ட்ரிப் செய்வது என்று தெரிய, ஐசோலேட்டர்களின் (லைனை ஏதாவது ஒரு பஸ்ஸோடு இணைக்கும் ஸ்விட்சுகள்) துணைக் கான்டாக்ட் வழியாக வயரை இழுத்துச் சுற்ற வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் அந்தக் கான்டாக்ட்டுகள் துருப்பிடித்து, எல்பிபி சரியாக முடிவெடுத்தும் கட்டளை எங்கும் போகாமல் நிற்கும். இன்று புதிதாக இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரட்டை பஸ் நிலையத்துக்கு நியூமெரிக்கல் பஸ்பார் ரிலேக்குள் எல்பிபியை வைப்பதுதான் இயல்பு. எல்லா பேயின் சிடியும் அங்கே வந்துவிட்டன. எந்த லைன் எந்த பஸ்ஸில் இருக்கிறது என்ற ஐசோலேட்டர் நிலையும் மென்பொருளில் இருக்கிறது, அது முரண்பட்டால் ரிலே அலாரம் கொடுக்கிறது. பேயிலிருந்து தொடக்கக் கட்டளை மட்டும் வந்தால் போதும். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: பஸ்பார் ரிலேயைச் சோதனைக்கு வெளியே எடுத்தால் நிலையத்தின் அத்தனை எல்பிபியும் ஒரே நேரத்தில் போய்விடும். மைய ரிலே இல்லாவிட்டாலும் எல்பிபி தொடருமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பே யூனிட்டுகள் பிரிந்திருக்கும் வகையில் குறைந்தபட்சம் ரீட்ரிப்பாவது உயிரோடிருக்கும்.

ஒன்றரை பிரேக்கர் அமைப்பில் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே மூன்று பிரேக்கர்கள் வரிசையாக இருந்து இரண்டு லைன்களைத் தாங்கும், அந்த வரிசைக்கு டயாமீட்டர் என்று பெயர். ஒரு டயாமீட்டரின் நடுவிலுள்ள டை பிரேக்கர் எந்த பஸ்ஸுக்கும் சொந்தமில்லை. அது திறக்காவிட்டால் பஸ்ஸைத் தொடவே தேவையில்லை: இருபுறமும் உள்ள இரண்டு மெயின் பிரேக்கர்கள் திறக்க வேண்டும், அடுத்த லைனின் மறுமுனைக்கு நேரடி ட்ரிப் சேதி போக வேண்டும், அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் மறுபக்க பிரேக்கர் திறக்க வேண்டும். பஸ் பக்க பிரேக்கர் திறக்காவிட்டால் அந்த பஸ் முழுவதும், கூடவே டை பிரேக்கரும். இந்த ட்ரிப் பட்டியல் எப்போதும் மாறாது என்பதால் ஐசோலேட்டர் நிலை தேவைப்படுவதில்லை. ஆகவே பே ரிலேக்குள் வைப்பதே சுலபம்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஒன்றரை பிரேக்கரில் லைன் ரிலேக்குப் போவது மெயின், டை இரண்டு சிடிகளின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகையை வைத்து எந்த பிரேக்கர் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு சிடிகளையும் தனித்தனி இன்புட்டில் வாங்கி உள்ளுக்குள் கூட்டிக்கொள்ளும் ரிலே என்றால் எல்பிபியை அதிலேயே வைக்கலாம். இல்லாவிட்டால் பிரேக்கர்வாரியாக இருக்கும் பே கன்ட்ரோல் யூனிட்டில் வையுங்கள். அப்போது மெயின்-1, மெயின்-2 (ஒரே லைனைக் காக்கும் இரண்டு ரிலேக்கள்) எது செத்தாலும் எல்பிபி பிழைத்திருக்கும் என்ற லாபமும் சேர்கிறது.

பிரேக்கருக்கும் சிடிக்கும் இடையிலுள்ள சில மீட்டர் இடைவெளியில் ஃபால்ட் வந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். சிடி லைன் பக்கம் இருந்தால் பஸ்பார் ரிலே அதைத் தன் ஃபால்ட்டாகப் பார்த்து பஸ்ஸை விடுவிக்கும், பிரேக்கர் சரியாகவே திறக்கும், ஆனால் லைன் பக்கத்திலிருந்து மின்னோட்டம் தொடரும். எல்பிபியின் கண்ணுக்கு இது பிரேக்கர் திறக்காததுபோலவே இருக்கும். டைமர் முடிந்ததும் மறுமுனைக்கு நேரடி ட்ரிப் அனுப்பினால் அந்த ஃபால்ட்டும் முடிந்துவிடும். மறுமுனை ட்ரிப் சேதியை எல்பிபியோடு கோப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தொடக்கம் எங்கிருந்து?

2004 ஜூன் 14. அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் அருகே வெஸ்ட்விங் சப்ஸ்டேஷனுக்கு வரும் 230 கே.வி. லைன் ஒன்றில் இன்சுலேட்டர் கெட்டு ஃபால்ட். அந்த லைனுக்கு வெஸ்ட்விங்கில் இரண்டு பிரேக்கர்கள். இரண்டுக்குமான ட்ரிப்பும் ஒரே துணை ரிலே வழியாகப் போனது. அந்தத் துணை ரிலே முழுதாக இயங்கவில்லை. ஒரு பிரேக்கர் திறந்தது, இன்னொன்றுக்குக் கட்டளையே போகவில்லை. பிரேக்கர் ஃபெயிலியர் பாதுகாப்பு எங்கே போயிற்று? அதைத் தொடக்கும் கான்டாக்ட்டும் அதே துணை ரிலேயில்தான் இருந்தது. ஃபால்ட் அரை நிமிடத்துக்கும் மேலாக எரிந்தது. பாலோ வெர்டி அணுமின் நிலையத்தின் மூன்று யூனிட்டுகளும் விழுந்தன, மொத்தம் 4,500 மெகாவாட்டுக்கும் மேல் உற்பத்தி போனது.

அந்த பிரேக்கருக்கு ஒரு குறையும் இல்லை. எல்பிபியின் மின்னோட்ட அளவீடோ டைமரோ கெடவில்லை. சேதி வரவில்லை, அவ்வளவுதான். எந்த ரிலே, எந்த லாஜிக் என்று நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் எதுவும் இந்த இடத்தில் உதவியிருக்காது.

ஆகவே தொடக்கத்துக்கான தேர்வு: மெயின்-1 தன் கான்டாக்ட் ஒன்றை எல்பிபிக்கு நேரடியாகக் கொடுக்கட்டும், மெயின்-2 தன்னுடையதை வேறொரு டிசி மூலத்திலிருந்து கொடுக்கட்டும். 86 லாக்அவுட் ரிலேயிலிருந்து (ட்ரிப் கட்டளையை வாங்கி பிரேக்கருக்கு அனுப்பிப் பிடித்து வைக்கும் துணை ரிலே) மட்டும் எடுக்கும் பழைய பழக்கத்தை, பேனல் மாற்றும்போதாவது விட்டுவிடலாம். 86 ஒட்டிக்கொண்டால் பிரேக்கரும் திறக்காது, எல்பிபியும் எழாது. 86-ஐயும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

தொடக்க வழிகள் கூடக்கூடத் தவறான தொடக்கமும் கூடும் என்பது உண்மை. இங்கே ஒரு சின்ன அமைப்பு பெரிய வேலை செய்கிறது. நிலைய பேட்டரி 220 வோல்ட், தரையிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ±110. தொடக்க வயரில் எங்கோ ஓர் எர்த் ஃபால்ட் வந்தால் பைனரி இன்புட்டில் சுமார் 110 வோல்ட் ஒரு கணம் தோன்றலாம். நீளமான கேபிளின் கெபாசிட்டன்ஸ் அதற்குத் துணை போகும். இன்புட் பிக்கப்பை 110-க்குக் கீழே வைத்திருந்தால் டிசி எர்த் ஃபால்ட் ஒன்றே எல்பிபியைத் தொடக்கிவிடும். லோடு மின்னோட்டம் 400 ஆம்பியருக்கு மேல் ஓடுவது சாதாரணம் என்பதால் மின்னோட்டச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. பிக்கப்பை 150 வோல்ட் அருகே வைத்து, ஒருசில மில்லிசெகண்ட் வடிகட்டல் நேரமும் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ரிலேக்கள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் ஐஇசி 61850 நிலையங்களில் செப்பு வயருக்குப் பதிலாக கூஸ் என்னும் வலையமைப்புச் சேதியில் தொடக்கலாம். வேகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. எர்த் ஃபால்ட் பயமும் இல்லை, இணைப்பு அறுந்தால் உடனே அலாரம். செப்பு வயர் அறுந்தால் அடுத்த சோதனை வரை யாருக்கும் தெரியாது. ஆனால் செப்பில் டெஸ்ட் பிளாக்கைப் பிடுங்கினால் கண்ணுக்கு முன்னால் சுற்று திறந்திருக்கும். கூஸில் அந்த வேலையை டெஸ்ட் மோடு செய்கிறது, அதுவும் அனுப்பும் ரிலேயும் வாங்கும் ரிலேயும் அதை ஒரே மாதிரிப் புரிந்துகொண்டால் மட்டும். இரண்டு வேறு கம்பெனி ரிலேக்கள் என்றால் கமிஷனிங்கின்போதே, பஸ்பார் பேனலின் ட்ரிப் லிங்குகளைத் திறந்து வைத்துவிட்டு, டெஸ்ட் மோடில் அனுப்பிய தொடக்கம் எல்பிபி டைமரை ஓட விடுகிறதா என்று பேவாரியாகப் பார்த்துவிடுங்கள். ஓடினால், அந்த நிலையத்துக்கு இப்போதைக்குச் செப்பு வயரே போதும்.